ஒன்பதுக்குப் பதினாலு

செவ்வாய்க்கிழமை காலை அல்டெரிக் வேலைக்கு வந்தபோது அவனுடைய மேசைமேல் யாரோ சாக்கட்டியால் பெரிதாக 14 என்று எழுதி வைத்திருந்தார்கள்.

ஷூ கம்பெனியில் பதினாலு என்றால் கால் அளவு. அவ்வளவு பெரிய காலுக்கு எவனோ ஆர்டர் கொடுத்திருக்கிறான் என்று நினைத்து, துணியால் துடைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். திரும்பி வந்தால் மறுபடியும் 14. இந்தத் தடவை சுவரில், ஆள் உயரத்துக்கு.

"யாருக்குய்யா பதினாலு சைஸ்?"

யாரும் சிரிக்கவில்லை. தோலை இழுத்து ஆணி அடிக்கும் பிரிவிலிருந்து குன்னர் வந்து நின்றான். ஆறடிக்கு மேல் வளர்ந்த ஸ்வீடன்காரன். தொழில் வசதிக்காக வாயில் எப்போதும் நாலு சிற்றாணி வைத்திருப்பான். அதைத் துப்பிவிட்டுப் பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம். இப்போது துப்பினான்.

"சைஸ் இல்லடா. செகண்டு. நேத்து டாலன் கீழ கெடந்தது பதினாலு செகண்டு. நீ எண்ணுனது ஒம்போது."

"ஒம்போது செகண்டுக்கு ஒம்போதுதானே எண்ணுவாங்க?"

"அதைத்தான் நாங்களும் கேக்குறோம்."

முந்தின நாள் செப்டம்பர் முதல் திங்கள், அமெரிக்காவில் தொழிலாளர் தின விடுமுறை. மத்தியானம் பொருட்காட்சித் திடலில் ஹெவிவெயிட் உலகப் பட்டத்துக்கான குத்துச்சண்டை. சாம்பியன் டாலன், ஐரிஷ்காரன். எதிர்த்து நின்ற பெர்க், ஸ்வீடன்காரன், கல்லுடைக்கிறவன் மகன். கம்பெனியில் பாதிப் பேர் ஸ்வீடன்காரர்கள், மீதியில் பாதிப் பேர் ஐரிஷ்காரர்கள். அல்டெரிக் போன்ற பிரெஞ்சுக் கனடாக்காரர்கள் இரண்டு பக்கமும் சேராமல் தங்கள் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

நாலாவது ரவுண்டில் பெர்க் விட்ட வலதுகைக் குத்தில் டாலன் மரம் விழுகிற மாதிரி விழுந்தான். விழுந்தவன் பத்து நொடிக்குள் எழுந்திருக்காவிட்டால் பட்டம் போச்சு. அந்த நொடிகளை மேடைக்குக் கீழே உட்கார்ந்து மரச்சுத்தியலால் பலகையில் தட்டி எண்ணுவதற்கு ஓர் ஆள் உண்டு. நடுவர் அந்தத் தட்டைக் கேட்டுத்தான் எண்ணுவார். அந்த ஆள் அல்டெரிக். ஒன்பதாவது தட்டில் டாலன் எழுந்துவிட்டான். ஏழாவது ரவுண்டில் பெர்க்கைப் படுக்க வைத்துவிட்டான்.

சாயங்காலம் சினிமாக்காரர்கள் தாங்கள் பிடித்த படத்தை ஓட்டிப் பார்த்தார்கள். டாலன் விழுந்ததிலிருந்து எழுந்ததுவரை பதினாலு நொடி.

"கழுத்துல ஒரு வாட்ச் மாட்டி விட்டிருந்தாங்களே, அதைப் பாத்தியா இல்லையா?" என்று குன்னர் கேட்டான்.

"எதுக்குப் பாக்கணும்? இருபத்திரண்டு வருஷமா எண்ணுறேன். வாட்சைப் பாத்தா பெட்டியை எண்ணுறேன்?"

அது உண்மை. சறுக்குப் பலகையில் வரும் ஷூப் பெட்டிகளைச் சின்ன மரச்சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணி, முப்பத்தாறு சேர்ந்ததும் பெரிய பெட்டிக்குள் தள்ளுவது அவன் வேலை. நொடிக்கு ஒரு தட்டு. ஒரு பெட்டி குறைகிறது என்று இதுவரை எந்த ஊர்க் கடைக்காரனும் திருப்பி அனுப்பியது கிடையாது. அதனால்தான் ஆகஸ்ட் கடைசியில் டாலன் தரப்பு மேனேஜரே அவன் பெயரைச் சொல்லிக் கடிதம் எழுதினார்: 'இந்த ஊரில் எண்ணிக்கை பிசகாத மனிதர் ஒருவர் இருக்கிறார்.' பெர்க் தரப்பும் சந்தோஷமாகச் சம்மதித்தது. நம்ம கம்பெனி ஆள்தானே என்று குன்னரே தோளில் தட்டினான். அந்தக் கடிதத்தை அல்டெரிக் கண்ணாடி போட்டுச் சமையலறையில் மாட்டி வைத்திருந்தான்.

காலையில் கேட்டில் நடந்தது இப்போதுதான் அவனுக்கு விளங்கியது. காவல்காரக் கிழவர் மக்கின், டாலன் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் ஐரிஷ்காரர், அவனைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி, "இந்தக் கைக்குச் சாமி நூறு வயசு குடுக்கட்டும்" என்றிருந்தார். ஏதோ நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்திருந்தான்.

"சரி," என்றான் அல்டெரிக். "மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல வாங்க. எல்லார் முன்னாலயும் எண்ணிக் காட்டுறேன்."

அதுதான் அவன் செய்த முதல் தப்பு.

மத்தியானம் நாற்பது பேர் சுற்றி நின்றார்கள். குன்னர் பனிச்சறுக்குச் சங்கத்து ஸ்டாப்வாட்சைக் கொண்டுவந்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தான். அல்டெரிக் சுத்தியலை எடுத்து, பதறாமல், ஒன்றிலிருந்து ஒன்பதுவரை தட்டினான்.

குன்னர் வாட்சைப் பார்த்தான். பக்கத்தில் நின்றவனிடம் காட்டினான்.

"பதினாலு."

"வாட்ச் ரிப்பேரு."

இன்னொரு வாட்ச் வந்தது. பதினாலே கால்.

ஐரிஷ்காரர்கள் கை தட்டினார்கள். "அடிச்சான் பாரு! திரும்பக் கேட்டாலும் அதே பதினாலு!" என்று ஒருவன் அவன் முதுகில் அறைந்தான். அந்தப் பாராட்டுக்குப் பிறகு ஸ்வீடன்காரர்கள் ஒருவரும் அவனோடு பேசவில்லை. அல்டெரிக் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வேறு யாருடைய கையையோ மாட்டிக்கொண்டு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

வீட்டுக்குப் போனதும் ரோசில்டாவைக் கூப்பிட்டான்.

"அந்தச் சுவர்க் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே இரு. நான் தட்டுறேன்."

"சூப்பு ஆறுது."

"ஆறட்டும்."

கரண்டியால் மேசையில் ஒன்பது தட்டு தட்டினான். முள் சரியாக ஒன்பது நொடி நகர்ந்திருந்தது. மறுபடி தட்டினான். ஒன்பது. மூன்றாவது தடவையும் ஒன்பது.

"நல்லாத்தானே எண்ணுற? அப்புறம் என்ன?" என்றாள் ரோசில்டா.

அல்டெரிக் தொப்பிகூடப் போடாமல் ஓடினான். உள்ளூர்ப் பத்திரிகை நிருபரைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தான். இரண்டாவது தப்பு அது.

நிருபர் ஸ்டாப்வாட்சை எடுத்தார். அல்டெரிக் அதே கரண்டியால் அதே மேசையில் தட்டினான்.

"பதினாலு," என்றார் நிருபர், நோட்டில் எழுதிக்கொண்டே.

"ஐயோ, இப்பதானே சரியா எண்ணுனான்!" ரோசில்டா கத்தினாள். "மூணு தடவை! நானே பாத்தேன். மனசு வெச்சா அவனால சரியா எண்ண முடியும் சார்!"

மறுநாள் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்தது: 'மனசு வைத்தால் சரியாக எண்ணுவான்: மனைவி வாக்குமூலம்.'

புதன்கிழமை மேனேஜர் விட்காம் கூப்பிட்டு அனுப்பினார். அவர் மேசையில் ஒரு ஷூப் பெட்டி இருந்தது.

"இது மேல என்ன அச்சடிச்சிருக்கு? படி."

"'எண்ணிச் சரிபார்க்கப்பட்டது', சார்."

"யாரு எண்ணுனது?"

"நான்தான் சார்."

"சிகாகோ கடைக்காரன் தந்தி அடிச்சிருக்கான். 'உங்க ஊர்ல முப்பத்தாறுன்னா எத்தனை?'ன்னு கேக்குறான். நான் என்ன பதில் சொல்ல?"

விட்காம் பெட்டியை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டவுன் ஹால்ல குத்துச்சண்டைக் கமிஷன் விசாரிக்குது. நானும் வரேன். நீ சண்டையை வித்துட்டேன்னு முடிவாச்சுன்னா சனிக்கிழமை இந்தப் பக்கம் வராத."

இருபத்திரண்டு வருஷ வேலை. நாற்பத்தாறு வயதில் ஊரில் வேறு எந்தக் கம்பெனியில் போய் நின்றாலும், 'பதினாலுதானே நீ?' என்பார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ரோசில்டா பாதிரியார் பள்ளிக்கூடத்திலிருந்து ஓட்டப் பந்தய ஸ்டாப்வாட்ச் ஒன்றை இரவல் வாங்கி வந்தாள். அதை ஏப்ரனுக்குள் ஒளித்துக்கொண்டு, "தட்டு" என்றாள்.

தட்டினான். அவள் ஏப்ரனுக்குள் குனிந்து பார்த்தாள். "ஒம்போது."

வாட்சை வெளியே எடுத்து அவன் முன்னால் நீட்டினாள். "தட்டு."

"என்ன?"

"பதினாலு."

உள்ளே வைத்தாள். ஒன்பது. வெளியே எடுத்தாள். பதினாலு.

"வாட்சைக் கண்டா உன் கை ஏன்யா இப்படிப் படுத்துக்குது?"

அல்டெரிக் கரண்டியோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

எந்தத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவனுக்கும் இது தெரியும். ஆபீஸிலிருந்து ஸ்டாப்வாட்ச்காரன் வந்து பக்கத்தில் நின்றால் கை இறங்க வேண்டும். அவன் முன்னால் வேகமாகச் செய்தால், 'இவ்வளவு சுலபமா?' என்று அடுத்த மாதம் ஜோடிக்கு இவ்வளவு என்ற கூலியைக் குறைத்துவிடுவார்கள். அதனால் வாட்ச் தெரிந்ததும் கம்பெனியின் ஏழு மாடியும் தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி நடக்கும். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாதம் கை தானாகவே கற்றுக்கொண்டுவிடும்.

ஆகஸ்டில் பழுப்புத் தொப்பி போட்ட ஒருவன் மூன்று நாள் வந்து நின்றான். பெயர் சொல்லவில்லை. அந்த வேலைக்கு வருகிறவர்கள் பெயர் சொல்வதில்லை. வாட்சைக் கையில் பிடித்துக்கொண்டு அல்டெரிக்கின் மேசைக்கு எதிரேயே அதிக நேரம் நின்றான். அல்டெரிக்கும் வழக்கப்படி ஒரு தட்டுக்கு ஒன்றரைத் தட்டு நேரம் எடுத்துக்கொண்டான்.

அதே பழுப்புத் தொப்பி திங்கட்கிழமை மேடைக்குக் கீழே அவன் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்திருந்தது. அதே வாட்ச். பாவிகள், லீவு நாளில்கூட ஆள் அனுப்பிவிட்டார்களே என்று அல்டெரிக் நினைத்ததும் டாலன் விழுந்ததும் ஒரே சமயத்தில் நடந்தது. அதற்குமேல் அவன் மனசு எதுவும் நினைக்கவில்லை. கைதான் நினைத்தது.

உடனே குன்னர் வீட்டுக்கு ஓடினான். வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

"நான் விக்கல குன்னர். பழக்கதோஷம்! அவ்வளவுதான். நாளைக்குக் கமிஷன்ல இதை அப்படியே சொல்லிட்டா வேலையும் பொழைச்சுது, பேரும் பொழைச்சுது."

வீட்டில் இருக்கும்போது குன்னர் வாயில் ஆணி இருக்காது. ஆனாலும் துப்பினான்.

"இதை வேற யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்ல. ஏன்?"

"யோவ், முன் வரிசைல விட்காம் உக்காந்திருப்பான்யா! வாட்சைக் கண்டா கையை இறக்குவோம்னு அவன் காதுபடவே சொல்லப் போறியா? அப்புறம் ஒளிஞ்சு நின்னு பாப்பானுங்க. ஏழு மாடிக்கும் கூலியை வெட்டுவானுங்க. எண்ணூறு குடும்பம்டா!"

"அப்ப நான் என்னதான் சொல்றது?"

குன்னர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

அரைமணி நேரத்தில் அல்டெரிக்கின் சமையலறையில் பதினொரு பேர் நின்றார்கள். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவன் முகத்தைப் பார்க்காதவர்கள். ஒருவன் மட்டும் தயங்கித் தயங்கி முன்னால் வந்தான்.

"அண்ணே, சுவத்துல பதினாலுன்னு எழுதுனது நான்தான். திருட்டுப் பயன்னும் சொன்னேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"பரவால்லப்பா."

"அப்படியே அதை ஒத்துக்கிட்டீங்கன்னா நல்லா இருக்கும்."

"எதை?"

"காசு வாங்கிட்டுத்தான் எண்ணுனேன்னு சொல்லிடுங்கண்ணே."

"நான் வாங்கலையே!"

"வாங்குனதா யாரு சொன்னா? வாங்குனேன்னு சொல்லுங்கன்னுதான் சொல்றோம்."

"எவ்வளவு வாங்குனதா சொல்லணும்?" என்று ரோசில்டா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஐநூறு டாலர்னு சொல்லட்டும்."

"ஐநூறுக்கா ஒரு உலகச் சாம்பியன் பட்டத்தை விப்பான்? நம்ம கம்பெனிக்கே கேவலம்," என்றான் இன்னொருவன். அதன்மேல் கால்மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. அல்டெரிக்கை யாரும் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் ரோசில்டா துடைப்பத்தை எடுத்தாள். பதினொரு பேரும் போகும்போது ஒவ்வொருவராக அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள், துக்க வீட்டிலிருந்து கிளம்புகிற மாதிரி.

வெள்ளிக்கிழமை பத்து மணி. டவுன் ஹால் நிரம்பி வழிந்தது. முன் வரிசையில் விட்காம். மூன்றாவது வரிசையில் குன்னர், வாயில் நாலு ஆணியோடு. கமிஷன் தலைவர் வெள்ளை மீசைக்காரர். சங்கிலியில் தொங்கிய ஸ்டாப்வாட்சை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"ஒன்பதுவரை தட்டு."

வாட்சைப் பார்த்ததும் கை இறங்குவது அல்டெரிக்குக்கே இப்போது தெரிந்தது. விடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினான்.

"ஆறு நொடி!" என்றார் தலைவர். ஹாலே சிரித்தது. "யோவ், டாலனுக்குப் பதினாலு, எனக்கு ஆறா?"

"இன்னொரு வாட்டி சார்."

பதினொன்று. இன்னொரு தடவை. பதினாலு.

தலைவர் வாட்சைக் காதில் வைத்துப் பார்த்தார். பக்கத்து உறுப்பினரின் வாட்சை வாங்கிப் பார்த்தார். அல்டெரிக்கைவிட அவர்தான் அதிகம் குழம்பிப்போயிருந்தார்.

"நீ எதைத்தான்யா எண்ணுற?"

"ஒம்போதுதான் சார்."

"டாலன் ஆளுங்க யாராவது சண்டைக்கு முன்னால உன்கிட்டப் பேசினாங்களா?"

"இல்ல சார்."

"ஜாடை காட்டினாங்களா?"

"இல்ல சார்."

"நீ எண்ணுறப்ப உன் பக்கத்துல யாராவது இருந்தாங்களா?"

அல்டெரிக் வாயைத் திறந்தான். பழுப்புத் தொப்பி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் அடுத்த கேள்வி, அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது. வாட்ச் பிடித்துக்கொண்டிருந்தான். அதனால் உனக்கென்ன என்பது அதற்கடுத்தது. விட்காம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். மூன்றாவது வரிசையில் குன்னர் நாலு ஆணியையும் கடித்துக்கொண்டிருந்தான்.

"யாரும் இல்ல சார்," என்றான் அல்டெரிக்.

இருபத்திரண்டு வருஷத்தில் அவன் ஒரு மேலதிகாரியிடம் சொன்ன முதல் பொய் அது. வாயால் சொன்னதில் முதல். ஆரம்பித்த பிறகு இரண்டாவது சுலபமாக வந்தது.

"எனக்கு நாலு பேர் உத்துப் பாத்தா பயம் சார். பயந்தா கை ஓடாது. அன்னைக்கு இருபதாயிரம் பேர் பாத்தாங்க."

ரோசில்டா எழுந்து நின்றாள். "ஆமா சார். கல்யாணத்தன்னைக்கு மோதிரம் போடவே அரைமணி நேரம் ஆக்குனான்."

கமிஷன் பக்கத்து அறைக்குப் போய்த் திரும்பி வந்தது. தீர்ப்பைத் தலைவர் படித்தார். எண்ணிக்கைக்காரர் பயந்தாங்கொள்ளி, இனிமேல் அவர் கையில் சுத்தியல் கொடுக்கக் கூடாது, ஆனால் நாணயமானவர். அவரை யாரும் விலைக்கு வாங்கவில்லை, அணுகவுமில்லை. சண்டையில் சூது இல்லை. டாலனே சாம்பியன்.

விட்காம் வெளியே போகும்போது நின்றார். "பயந்தாங்கொள்ளி பெட்டி எண்ணலாம். திருடன்தான் எண்ணக் கூடாது. நாளைக்கு வந்துடு."

பட்டத்தைப் பறிகொடுத்த ஸ்வீடன்காரர்கள்தான் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு டவுன் ஹால் படியிறங்கினார்கள். பார்த்துக்கொண்டிருந்த நிருபர் என்ன தலைப்புப் போடுவதென்று தெரியாமல் நோட்டை மூடினார்.

சனிக்கிழமை காலை அல்டெரிக்கும் குன்னரும் சேர்ந்தே கேட்டுக்கு வந்தார்கள். மக்கின் கிழவர் வழக்கம்போல் அல்டெரிக்குக்குத் தொப்பியைக் கழற்றினார்.

குன்னர் ஆணியைத் துப்பினான்.

"பெருசு, ஒரு உதவி பண்ணு. அந்த ஸ்டாப்வாட்ச் ஆபீஸ்காரன் மறுபடி வந்தான்னா, உள்ள விடறதுக்கு முன்னால மணியை ரெண்டு தட்டு தட்டு. நாங்க கொஞ்சம் தயாராயிக்கிறோம்."

"எந்த ஆபீஸ்காரன்?"

"ஆகஸ்ட்ல மூணு நாள் வந்தானே அண்ணே, பழுப்புத் தொப்பி," என்றான் அல்டெரிக். "எம்மேசைக்கு எதுக்கவே நின்னானே."

மக்கின் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, சுவரில் இருந்த டாலன் படத்தைக் கட்டைவிரலால் காட்டினார்.

"அவரு ஆபீஸ் ஆள் இல்லப்பா, நம்ம டாலனோட மச்சான், நான்தான் உள்ள விட்டேன், போறப்ப, 'நான் வாட்சை எடுத்தா இவன் கை இறங்குது, இவன்தான் நமக்கு வேணும்'னு உன்னைக் காட்டிட்டுல்ல போனாரு!"